மேதைமை அதிகாரசபையும் ஒரு கழித்தல் குறியும்

தேசிய மேதைமை அதிகாரசபையிலிருந்து கடிதம் வந்தபோது, பேராசிரியர் ஹியூபேட் மொறாயஸ் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பு பிழை என்று கண்டுபிடித்துப் பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. அந்தப் பத்தொன்பது நாட்களும் அதைச் சொல்வதற்கு அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

ஆள் அகப்படவில்லை. வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் அவர் தனியாக இருந்தார். மனைவி யூஜினா இறந்து ஐந்து வருடம். மகள் றஷ்மி ஒஸ்லோவில். கீழ்மாடிக்காரர்கள் நல்லவர்கள்; லிஃப்ட் பழுதானால் அவருடைய மரக்கறிப் பையைத் தூக்கிவந்து தருவார்கள். ஆனால் லிஃப்ட்டுக்குள் நின்று அவர்களிடம் இந்த விஷயத்தைத் தொடங்க முடியாது. நான்காம் மாடி வருவதற்குள் முடிகிற விஷயமல்ல அது.

விஷயம் இதுதான். ஒரு பெட்டியின் மூலையில் வாயுத் துகள்களை அடைத்துவைத்துத் திறந்துவிட்டால், அவை முட்டி மோதிப் பரவி, எந்த மூலையிலிருந்து வந்தோம் என்பதையே மெல்ல மெல்ல மறந்துவிடும். எப்படி மறக்கும், எவ்வளவு நேரத்தில் மறக்கும், பெட்டியும் காலமும் பெரிதாகப் பெரிதாக என்ன மிஞ்சும்? 1987இல், முப்பத்து மூன்று வயதில், கொட்டாஞ்சேனையில் மாமனார் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு ஹியூபேட் அதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதன் கடைசி உறுப்புக்கு வெளிநாட்டில் இரண்டொரு பேர் ‘மொறாயஸ் உறுப்பு’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டொரு பேர் என்றால் முதலில் இரண்டு பேர், பிறகு ஒருவர்.

அந்த உறுப்புக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தது. கூட்டல் என்றால், கடைசியில் துகள்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். இப்போது எழுபத்தொரு வயதில், பொழுது போகாத ஒரு காலையில், அதே கணக்கை வேறொரு வழியால் செய்து பார்த்தார். கழித்தல் வந்தது. கழித்தல் என்றால், எவ்வளவு காலம் போனாலும் கொஞ்சம் ஞாபகம் மிஞ்சும். பழைய கணக்கில் பிழை எந்த வரியில் என்று தேடினார். தட்டுப்படவில்லை. புதியதை ஏழு தடவை செய்தார். ஏழு தடவையும் கழித்தல்தான். முப்பத்து மூன்று வயதுக்காரன் எங்கேயோ அவசரப்பட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினார்.

போலந்தில் வொய்செக் என்றொருவர் இருந்தார். இருபத்தாறு வருடப் பழக்கம். முதலில் கடிதம், பிறகு மின்னஞ்சல். முகம் கண்டதில்லை, குரல் கேட்டதில்லை. அவருக்குத்தான் முதலில் எழுதினார். மூன்றாம் நாள் வொய்செக்கின் மனைவியிடமிருந்து பதில் வந்தது. அவர் சித்திரை மாதம் காலமாகிவிட்டார். ‘உங்களுடைய கடிதங்களை அவர் சிரித்துக்கொண்டே வாசிப்பார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை’ என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்கு எழுதலாம் என்று பார்த்தால், அது இன்னொரு சஞ்சிகையோடு சேர்ந்து, அந்த இன்னொன்றும் நின்றுபோயிருந்தது.

இந்த நிலைமையில்தான் அதிகாரசபையின் கடிதம் மூன்று மொழிகளில் வந்தது. மொறாயஸ் உறுப்பைக் கண்டுபிடித்தமைக்காக அவர் ‘உயிருடனிருக்கும் தேசிய மேதை (கோட்பாட்டுப் பிரிவு)’ ஆகத் தெரிவுசெய்யப்பட்டிருந்தார். உயிருடனிருப்பதற்கான அத்தாட்சியுடன் வரும்படி கேட்டிருந்தார்கள். ஹியூபேட்டுக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் பரிசு அதற்குக் காரணமல்ல. மொறாயஸ் உறுப்பைப் பற்றி அக்கறைப்பட ஓர் அலுவலகமே இருக்கிறதென்றால், அது பிழை என்பதை அறிய அவர்கள் எவ்வளவு ஆவலாக இருப்பார்கள்! கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அதிகாரசபையில் உதவிப் பணிப்பாளர் (பங்களிப்புகள்) ரெனால்ட் எழுந்து நின்று வரவேற்றான். நாற்பது வயது இருக்கும்.

“வாங்கோ சேர், வாங்கோ. நானும் கொட்டாஞ்சேனைதான். எங்கட ஆக்கள்ள ஒருத்தருக்கு மேதை கிடைச்சிருக்கு எண்டு சொல்ல, மம்மி அழுதிட்டா.”

பிறகு விண்ணப்பப் படிவத்தை எடுத்தான். பரிசு முடிவான பிறகுதான் விண்ணப்பம் நிரப்புவது அங்கே வழக்கம்.

“பங்களிப்பின்ட எடை, சேர்? கிலோகிராமில.”

“அதுக்கு எடை இல்லைத் தம்பி. அது ஒரு சமன்பாடு.”

“எனக்கு விளங்குது சேர். கொம்பியூட்டருக்கு விளங்காது. போன வருஷம் தேங்காய் பறிக்கிற மெசினுக்குச் செய்த ஃபோர்ம் இது. பூச்சியம் அடிச்சா, பங்களிப்பு இல்லை எண்டு ஃபைலை மூடிரும்.”

ஹியூபேட் பையிலிருந்து கட்டுரையின் பிரதியை எடுத்துக் கொடுத்தார். ரெனால்ட் அதைத் தபால் தராசில் வைத்தான். முப்பத்தெட்டு கிராம். நீளம், அகலம், உயரம் எல்லாம் அடிமட்டத்தால் அளந்து எழுதினான்.

“எரிபொருள்?”

ஹியூபேட் யோசித்தார். “பிளேன்டீ” என்றார்.

ரெனால்ட் மலர்ந்துபோனான். “உள்நாட்டு மூலப்பொருள்! அதுக்குத் தனியாப் பத்துப் புள்ளி இருக்கு சேர்.”

அடுத்ததாகப் படம் எடுக்க ஒருவர் வந்தார். விஞ்ஞானி வேலை செய்கிறமாதிரிப் படம் வேண்டும் என்றார். ஹியூபேட் கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் அவர் வேலை செய்தது அப்படித்தான். படக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, “யோசிக்கிறது படத்தில விழாது சேர்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட் ஒன்றை மாட்டி, கையில் நீலத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையைக் கொடுத்தார். ஹியூபேட் அந்தத் தண்ணீரைப் பார்த்த பார்வையில் உண்மையான திகைப்பு இருந்தது. படம் மிக நன்றாக வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஹியூபேட் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “தம்பி, ஒரு முக்கியமான விஷயம். இந்தச் சமன்பாடு பிழை.”

ரெனால்ட்டின் பேனா நின்றது. “எவ்வளவு பிழை சேர்?”

“கடைசி உறுப்புக்கு முன்னால கூட்டல் போட்டிருக்கிறன். அது கழித்தல்.”

“சின்னக் கோடுதானே சேர்.”

“ஓம், ஒரு கோடுதான். ஆனா அந்தக் கோட்டைப் போட்டா துகள்கள் எல்லாத்தையும் மறக்கும். போடாட்டி மறக்காது.”

ரெனால்ட் நிஜமாகவே உதவி செய்ய விரும்பினான். மூன்று கோவைகளைப் புரட்டினான். “பிழையெண்டா அது முறைப்பாட்டுப் பிரிவு. மேல்மாடி. ஆனா பாதிக்கப்பட்டவர்தான் முறைப்பாடு குடுக்கலாம். இதில பாதிக்கப்பட்டது ஆர்?”

ஹியூபேட் நேர்மையான மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார். “இயற்கை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

“இயற்கைக்கு அடையாள அட்டை இலக்கம் இருக்கா சேர்?” என்று ரெனால்ட் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

இருந்தாலும் விஷயம் மேலே போயிற்று. இரண்டு கிழமைக்குப் பிறகு, பதினொரு பேர் கொண்ட நிபுணர் குழுவின் முன்னால் வந்து விளக்கமளிக்கும்படி அழைத்தார்கள். குழுவில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர், மிருக வைத்தியர் ஒருவர், இறப்பர் ஆராய்ச்சிக்காரர் இருவர், மற்றும் பலர் இருந்தார்கள். ஹியூபேட் வெள்ளைப் பலகையில் எழுதி, முக்கால் மணித்தியாலம் விளக்கினார். சுவர் அல்லாத ஒன்றைப் பார்த்து அவர் தன் வேலையைப் பற்றிப் பேசி எவ்வளவோ காலம். குரலில் இளமை வந்துவிட்டது. ஒரு மூலையில் ஒருவர் குனிந்து குறிப்பு எடுத்துக்கொண்டேயிருந்தார். ஹியூபேட் அவருக்காகவே பேசினார். கஷ்டமான இடங்களில் அவருக்காக நின்று நின்று சொன்னார். கடைசியில் அந்த மனிதர் எழுந்து, “மீன் எத்தனை பேர், கோழி எத்தனை பேர்?” என்று கேட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்தது மதியச் சாப்பாட்டுப் பட்டியல்.

பணிப்பாளர் நாயகம் சிங்களத்தில் பேசினார். ஹியூபேட்டுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. ஆனாலும் மொழிக்கொள்கைப்படி ரெனால்ட் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்ல, அவர் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

“பேராசிரியர் அவர்களே, இந்த நாடு போதுமான கழித்தலைக் கண்டுவிட்டது. இந்த நேரத்தில் ஓர் அரச நிறுவனம் கழித்தல் குறியொன்றை வெளியிட்டால் மக்கள் என்ன நினைப்பார்கள்? இருபத்தெட்டு வருடம் நான் அரச சேவையில் இருக்கிறேன். ஒரு முடிவையேனும் திருத்தியதில்லை. ஏனென்றால் ஒரு முடிவையேனும் வாசித்ததில்லை. வாசித்தால் சந்தேகம் வரும். சந்தேகம் நிருவாகத்துக்குக் கூடாது. உங்களுடைய கட்டுரையையும் நான் வாசிக்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். உங்கள் மீது எனக்குள்ள நம்பிக்கை அப்படிப்பட்டது.”

வாக்கெடுப்பு நடந்தது. கூட்டலுக்கு ஏழு, கழித்தலுக்கு இரண்டு, நித்திரை இரண்டு. நித்திரையையும் கூட்டலோடு சேர்த்துக்கொண்டார்கள். கழித்தலுக்குக் கை தூக்கிய இருவரில் ஒருவர் பிறகு ஹியூபேட்டிடம் வந்து, தான் கோழி என்று நினைத்துத் தூக்கிவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். மற்றவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஹியூபேட் அவரைத் தேடிப் போனார். அவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

மறுநாள் ரெனால்ட் தொலைபேசி எடுத்தான்.

“சேர், கல்லு வெட்டியாச்சு. கூட்டல் குறியோட. முற்றத்தில வைக்கிற கல்லு.”

“அதை மாத்தச் சொல்லுங்கோ.”

“கேட்டனான் சேர். கல்லு வெட்டுற பாஸ் சொல்றார், வெட்டினதை நிரப்ப ஏலாதாம். ஆனா கூட வெட்டலாமாம். கூட்டலுக்குக் கீழ இன்னொரு கோடு போட்டா, கூட்டலும் கழித்தலும் சேர்ந்த குறி வரும் எண்டு பணிப்பாளர் நாயகத்துக்குச் சொன்னன். அவருக்குச் சரியான சந்தோஷம். தேசிய நல்லிணக்கக் குறி எண்டு சுற்றறிக்கை போகுது.”

“ஐயோ தம்பி, அப்பிடிப் போட்டா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லையே!”

“அதாலதான் சேர் எல்லாரும் ஒத்துக்கொண்டது.”

ஹியூபேட் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒஸ்லோவில் றஷ்மி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்; சப்பாத்துப் போடும் சத்தம் கேட்டது.

“அப்பா, பேசாமப் போய் வாங்குங்கோ. அந்தச் சாம்பல் நிறக் கோட் சூட்டைப் போடுங்கோ. கூட்டலோ கழித்தலோ, ஆருக்கப்பா தெரியப்போகுது?”

“அதுதான் பிள்ளை” என்றார் ஹியூபேட்.

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை. குளிருக்குச் சரியா உடுத்திக்கொண்டு போங்கோ.”

யூஜினாவுக்கும் இது ஒன்றும் விளங்கியதில்லை. ஆனால் பின்னேரங்களில் குசினி மேசையில் இறால் உடைத்துக்கொண்டிருக்கும்போது, “இண்டைக்கு மறந்துதா?” என்று கேட்பாள். துகள்களைத்தான். “இன்னும் இல்லை” என்பார் அவர். “பாவங்கள்” என்பாள். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி இந்த நாட்டில் நடந்த உரையாடல் மொத்தமும் அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டு அவர் கடற்பக்க யன்னலடியில் நின்றார். கீழே கரையோர ரயில் போயிற்று. வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவன் காற்றுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“சேர், நான் ஷஹீமா. மொழிபெயர்ப்புப் பிரிவுல ஈக்கிறன். விழாவுல ஒங்கட பேச்ச நான்தான் சிங்களத்துல சொல்லணும். பேச்சு எனக்கு அனுப்பீக்காங்க.”

“என்ர பேச்சா? நான் இன்னும் எழுதயில்லையே.”

“அவங்களே எழுதீக்காங்க சேர். போன வருஷம் தேங்காய் மெசின்காரரு பேசின அதே பேச்சு. ‘இயந்திரம்’ என்ட எடமெல்லாம் ‘சமன்பாடு’ என்டு மாத்தீக்கி. ‘இந்தச் சமன்பாட்டில் ஏறுபவர்கள் பாதுகாப்புப் பட்டி அணிய வேண்டும்’ என்டு வருது. அத எடுக்கவா?”

“விடுங்கோ பிள்ளை. அது உண்மைதான்.”

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. ஐம்பதைக் கடந்த குரல். “வேற ஏதும் பேசுறதென்டா முந்தியே சொல்லிருங்க சேர். எனக்கு வெளங்காத ஒன்ட நான் வாயால சொல்ல மாட்டன். நின்டுருவன். அதாலதான் இருபத்திரண்டு வருஷமா ஒரே கதிரையில ஈக்கிறன்.”

வேறு ஒன்றும் பேசப்போவதில்லை என்று ஹியூபேட் சொன்னார். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

விழா காலை பத்து மணிக்கு. மூன்று திணைக்களங்களிலிருந்து கட்டாய வருகை; மண்டபம் நிரம்பியிருந்தது. ஒவ்வொருவர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி. பணிப்பாளர் நாயகம் நாற்பது நிமிடம் பேசினார். “இந்தச் சமன்பாட்டை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு எதுவுமே விளங்கவில்லை. அந்த இடத்திலேயே எழுந்து நின்றேன். எனக்கு விளங்காத ஒன்று இந்த நாட்டில் இருக்கிறதென்றால் அது எவ்வளவு உயர்ந்ததாக இருக்க வேண்டும்! விளங்கியிருந்தால் பரிசு கொடுத்திருக்க மாட்டேன்” என்றார். கைதட்டினார்கள். முற்றத்துக் கல்லின் படம் திரையில் வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

ஹியூபேட்டுக்கு இரண்டு நிமிடம் தந்திருந்தார்கள். கடதாசியைப் பிரித்தார். முதல் வசனத்தை வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் வொய்செக் இல்லை, யூஜினா இல்லை. அவர்கள் இருக்கமாட்டார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். இருந்தும் மேடையில் நின்று பார்த்தபோதுதான் அது முழுவதுமாகத் தெரிந்தது. கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“இந்தச் சமன்பாடு பிழை” என்றார். “முப்பத்தெட்டு வருஷமாப் பிழை. பெட்டி பெருசாகப் பெருசாக, காலம் போகப் போக, துகள்கள் எல்லாத்தையும் மறந்திடும் எண்டு நான் எழுதினன். அப்பிடி இல்லை. கொஞ்சம் மறக்காது. கல்லில போட்டிருக்கிற குறிக்கு அர்த்தம் இல்லை. அது எனக்கு மட்டும் தெரிஞ்சு பிரயோசனமில்லை. உங்களில ஒருத்தருக்காவது தெரிய வேணும். அதுக்குத்தான் வந்தனான்.”

காதுக் கருவிகளில் ஒன்றும் வரவில்லை. பின்பக்கத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தபடி நின்றுபோயிருந்தாள். பத்து விநாடி போனது. பிறகு சிங்களத்தில் அவள் ஏதோ மெல்லச் சொன்னாள், தலைகள் அசைந்தன, மண்டபம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. பணிப்பாளர் நாயகம் ஓடிவந்து ஹியூபேட்டைக் கட்டிப்பிடித்தார்.

“என்ன பணிவு!” என்று ஒலிவாங்கியில் முழங்கினார். “தன் கண்டுபிடிப்பையே பிழை என்று சொல்கிறார்! பார்த்துப் படியுங்கள்! இவரல்லவா மேதை! அடுத்த வருடம் முதல் எல்லா மேதைகளும் இந்த வசனத்தைச் சொல்ல வேண்டும் என்று இப்போதே கட்டளையிடுகிறேன்.”

விழா முடிந்தது. மக்கள் பற்றிஸ் பலகாரமும் நெஸ்கஃபேயும் வைத்த மேசையைச் சூழ்ந்தார்கள். ஹியூபேட் மாலையைக் கழற்ற மறந்து முற்றத்துக் கல்லடியில் நின்றார். ரெனால்ட் வந்து, அவரைக் கொண்டுபோய்விட வேண்டிய வாகனத்தில் பிரிகேடியர் போய்விட்டார் என்று சொல்லி வருத்தப்பட்டான். பரவாயில்லை, காலி நகருக்குப் போகும் காலி வீதிக்கு நடந்தால் பஸ் இருக்கிறது என்றார் ஹியூபேட். உண்மையில் அவருக்கு எங்கும் போக அவசரம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி ஆள் தேடத் தேவையில்லை. அந்த நினைப்பு அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

பஸ் தரிப்பில் நிற்கும்போது ஒரு பெண் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் நின்றாள். முக்காடு போட்டிருந்தாள், தோளில் பெரிய பை.

“சேர், நான்தான் ஷஹீமா. என்னால ஒங்கட பேச்சு கெட்டுப்போச்சு. மன்னிச்சிக்கோங்க.”

“உங்களால ஒண்டும் இல்லை.”

“இல்ல சேர், நான் நின்டுட்டன். வெளங்காமத்தான். ‘பேராசிரியர் மிகத் தாழ்மையாகப் பேசுகிறார், ஒரு வசனத்தைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்டு மட்டும்தான் சொன்னன். அவங்க கை தட்டிட்டாங்க.” பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். அவர் சொன்னதை வரி வரியாக எழுதிவைத்திருந்தாள். “‘பெட்டி பெருசாகப் பெருசாக, காலம் போகப் போக’ என்டீங்க. தமிழ்ல சும்மா பக்கத்துல பக்கத்துல வச்சிட்டுப் போயிரலாம். நான் எழுதுற சிங்களத்துல ஒன்ட முடிச்சிட்டுத்தான் மத்ததுக்குப் போவன். எது முந்தி சேர்? முதல்ல பெட்டியப் பெருசாக்கிட்டு அப்புறம் காத்திட்டு ஈக்கிறதா? இல்லாட்டி, முதல்ல காத்திட்டு ஈந்து, அப்புறம் பெட்டியப் பெருசாக்குறதா?”

“ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை” என்று ஹியூபேட் தொடங்கினார். தொடங்கிவிட்டு நிறுத்தினார்.

ஒன்றல்ல. பெட்டியை முதலில் பெரிதாக்கினால், துகள்கள் போய்க்கொண்டேயிருக்கும், திரும்பி வர வழியில்லை, மறந்துவிடும். கூட்டல். பெட்டியை அப்படியே வைத்துக் காத்திருந்தால், சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி வரும், கொஞ்சம் மிஞ்சும். கழித்தல். முப்பத்து மூன்று வயதுக்காரன் அவசரப்படவில்லை. அவன் ஒரு வழியால் போனான், கிழவன் மற்ற வழியால் போனான், இருவருமே எந்த வழி என்று சொல்ல மறந்திருந்தார்கள். பழைய கணக்கில் பிழை அகப்படாததற்குக் காரணம் அதில் பிழை இல்லாததுதான். கல்லில் இருக்கும் அந்த அசட்டுக் குறிகூட… அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர, தரிப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷஹீமா பயந்துபோய், பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

அவர் குடித்தார். பிறகு அவளுக்குச் சொன்னார். மேடையில் சொன்னதைப் போலல்லாமல், கையைக் காலை ஆட்டி, தெருவையே பெட்டியாக்கி, பஸ்களைத் துகள்களாக்கிச் சொன்னார். அவள் இடையில் இரண்டு தரம் நிறுத்தி, “இருங்க சேர், வெளங்கல்ல” என்றாள். மூன்றாம் தரம் சொன்னபோது தலையை ஆட்டினாள். துண்டில் சிங்களத்தில் ஒரு வசனம் எழுதி, அதை வெட்டி, வேறொன்று எழுதினாள்.

“அப்ப சேர், ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா? பெட்டியும் பெருசாகுது, நாங்களும் காத்திட்டு ஈக்கிறம். அப்ப என்ன குறி?”

வெயில் உச்சியில் இருந்தது. காலி வீதியில் ஓட்டோக்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன.

“தெரியாது” என்றார் ஹியூபேட். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, தெருவில் போன ஒருவன் திரும்பிப் பார்த்தான். “எனக்குத் தெரியாது பிள்ளை. அதை ஒருத்தரும் கேக்கயில்லை.”

மொறட்டுவை பஸ் வந்து தரிப்பில் வேகம் குறைத்தது. நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு இருவரையும் பார்த்தான். ஷஹீமா கையைக் காட்டவில்லை. துண்டைத் திருப்பி, எழுதாத பக்கத்தை மேலே வைத்து, பேனாவை அவரிடம் நீட்டினாள்.